ஐந்து சென்ட் காபியும் ஓசி தக்காளி சூப்பும்

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டை வலது பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதலில் விலை. அப்புறம்தான் பலகாரத்தின் பெயர். எவ்வளவு நேரம் படித்தாலும் முடிவு ஒன்றுதான். “ரெண்டு இட்லி. சாம்பார் நெறைய.”

அந்த ‘நெறைய’வில்தான் சூட்சுமம். முதல் கரண்டி இட்லிக்கு. இரண்டாவது கரண்டி, ஊறிப்போன இட்லிக்கு. மூன்றாவது, நான்காவது... இட்லி காலியான பிறகும் சாம்பார் தொடரும். கடைசியில் தட்டைத் தூக்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதற்குள் சர்வர் வாளியோடு எங்கள் மேஜைப் பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பார். வெளியே வந்ததும், “இட்லிக்குத்தான்டா காசு. சாம்பாருக்கு இல்லை” என்பார் சித்தப்பா, பேங்க்கில் வட்டி வாங்கி வந்தவர் மாதிரி.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள். எங்கோ பீட்சா சாப்பிட்டபோது மிஞ்சிய தக்காளி சாஸ் பாக்கெட்டுகள் எத்தனை கிடக்கின்றன? காரப்பொடி பாக்கெட்டுகள் எத்தனை? ‘மிஞ்சிய’ என்று மரியாதைக்காகச் சொன்னேன். ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்தவை. நாம் எல்லோரும் சித்தப்பாவின் வாரிசுகள்தான்.

ஆனால், இந்தக் கலையில் உலக சாம்பியன் பட்டத்தை நமக்குத் தர முடியாது. அது 1930-களில் நியூயார்க்கில் வாழ்ந்தவர்களுக்கு எப்போதோ போய்விட்டது. அவர்கள் பைசா செலவில்லாமல் ஓட்டலில் உட்கார்ந்து தக்காளி சூப் குடித்தார்கள். எலுமிச்சை ஜூஸும் குடித்தார்கள். ஓட்டல்காரர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நஷ்டமாகிவிட்டாரா? இல்லை. அந்தக் காலத்தில் அவருடைய வியாபாரம் அமோகமாக நடந்தது!

எப்படி? நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்ட்டிங் வகுப்பில் வாத்தியார் இந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தால் பாதி சிலபஸ் புரிந்திருக்கும்.

கொஞ்சம் பின்னால் போவோம். அமெரிக்காவில் ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்க 19-ம் நூற்றாண்டு மனிதருக்கு ஒரு ராஜபாட்டை இருந்தது: சலூன். (முடி வெட்டிக்கொள்ளும் இடமல்ல. அந்த ஊரில் சலூன் என்றால் மதுக்கடை.) ஐந்து சென்ட் கொடுத்து ஒரு கிளாஸ் பீர் வாங்கினால், பக்கத்து மேஜையில் இருக்கும் ரொட்டி, சீஸ், இறைச்சி, ஊறுகாய் எல்லாம் ஓசி. ‘ஃப்ரீ லஞ்ச்’ என்றே போர்டு போட்டிருப்பார்கள். அலகாபாத்தில் பத்திரிகைக்காரராக வேலை பார்த்துவிட்டு 1889-ல் சான்ஃபிரான்சிஸ்கோ போய் இறங்கிய ருட்யார்ட் கிப்ளிங், இதைப் பார்த்து அசந்துபோய் ரூபாயில் கணக்குப் போட்டு எழுதினார். இந்த ஊரில் கையில் காசில்லாத ஆள்கூட ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்க்குள் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

முதலாளி என்ன கர்ணனா? மேஜையில் இருந்த பண்டங்களை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் உப்பு தூக்கலான சமாசாரம். சாப்பிட்டால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் இரண்டாவது கிளாஸ். ‘இலவச சாப்பாடு என்று ஒன்று கிடையவே கிடையாது’ என்று பொருளாதாரக்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்கள் அல்லவா, அந்த வசனம் இந்த மேஜையை மனதில் வைத்துத்தான் பிறந்தது.

1920 ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. சலூன்கள் மூடப்பட்டன. ஃப்ரீ லஞ்சும் போனது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் டைப்பிஸ்ட் பெண்ணுக்கும் (அவளுக்கு சலூனில் எப்போதுமே இடமில்லை) மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். அந்த வழி ஏற்கெனவே திறந்து தயாராக இருந்தது. அதன் பெயர் ஆட்டோமேட்.

ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் ஹார்ன் என்ற இளைஞர். கையில் கொஞ்சம் பணம் இருந்தது, ஓட்டல் வைக்க ஆசை இருந்தது, அனுபவம்தான் இல்லை. பார்ட்னர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். ஃபிராங்க் ஹார்டார்ட் என்பவர், சர்க்கரைப் பையிலிருந்து கிழித்த காகிதத்தில் ‘நான்தான் உங்கள் ஆள்’ என்று மட்டும் எழுதி அனுப்பினார் என்று சொல்வார்கள். 1888 டிசம்பரில் இருவரும் கடை திறந்தார்கள். பதினைந்து ஸ்டூல். மேஜைகூடக் கிடையாது. ஆனால், ஹார்டார்ட் நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். அந்த ஊர்க்காரர்களுக்கு டிகாக்‌ஷன் இறக்கத் தெரியும். அதுவரை காபித்தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கசப்பாகக் குடித்துக்கொண்டிருந்த ஊரில் வடிகட்டி இறக்கிய காபி! கும்பகோணத்துக்காரன் ஒருவன் டீக்கடைத் தெருவில் டிகிரி காபி போட்ட மாதிரி. கூட்டம் நெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் ஒரு புதுமை. பெர்லினில் காசு போட்டால் சாப்பாடு தரும் இயந்திரங்களை வைத்து ஓட்டல் நடத்தினார்கள். ஹார்னும் ஹார்டார்ட்டும் அதை வரவழைத்து 1902 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்காவின் முதல் ஆட்டோமேட்டைத் திறந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1912 ஜூலையில், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில்.

உள்ளே எப்படி இருக்கும்? தபால் ஆபீஸில் போஸ்ட் பாக்ஸ் வரிசை பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தட்டு: வேகவைத்த பீன்ஸ், மெக்ரோனி, சாண்ட்விச், ஆப்பிள் பை. பக்கத்தில் ஒரு துவாரம். ஐந்து சென்ட் நாணயத்தை, அதாவது ‘நிக்கல்’ என்பதை, விலைக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ மூன்றோ போட்டுக் குமிழைத் திருகினால் கதவு ‘டக்’கென்று திறக்கும். எடுத்துக்கொண்டு போய் எந்த மேஜையில் வேண்டுமானாலும் உட்காரலாம். காபி வேண்டுமா? டால்ஃபின் தலை வடிவத்தில் ஒரு குழாய். கீழே கப்பை வைத்து, ஒரு நிக்கல் போட்டு, கைப்பிடியை இழுத்தால் சரியாக ஒரு கப் ஊற்றிவிட்டு நின்றுவிடும். சில்லறை இல்லையா? நடுவில் கூண்டுக்குள் ஒரு பெண் இருப்பார். விரல் நுனியில் ரப்பர் உறை. நோட்டை நீட்டினால் எண்ணிக்கூடப் பார்க்காமல் நிக்கல்களைச் சரியாகத் தள்ளுவார். ‘நிக்கல் த்ரோயர்’ என்றே அவர்களுக்குப் பெயர்.

இயந்திரம், இயந்திரம் என்று எல்லோரும் வாய்பிளந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இயந்திரம் எதுவும் சமைக்கவில்லை. சுவரின் மறுபக்கம் வரிசையாகப் பெண்கள் நின்று, தட்டு காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். சாப்பிடுகிறவர் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். சர்வர் கிடையாது, ஆகவே சர்வர் சம்பளம் கிடையாது. டிப்ஸும் கிடையாது. அமெரிக்காவில் டிப்ஸ் என்பது பில்லுக்கு மேல் ஒரு குட்டி பில். அது மிச்சம் என்பதே வாடிக்கையாளருக்குப் பெரிய லாபம். சமையல் ஒவ்வொரு கிளையிலும் நடக்காது. ஊருக்கு ஒரு மத்திய சமையற்கூடம், அங்கிருந்து எல்லாக் கிளைகளுக்கும் சப்ளை. மொத்தமாக வாங்கினால் சரக்கு விலை குறையும், மொத்தமாகச் சமைத்தால் கூலி குறையும். உச்சத்தில் இருந்தபோது இரண்டு ஊர்களிலுமாக ஒரு நாளைக்கு 8 லட்சம் பேர் சாப்பிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவு பேர் சாப்பிட்டால் தட்டுக்கு அரை சென்ட் லாபம்கூடப் பெரிய லாபம்தான்.

ஆனால், மலிவு என்பதற்காகத் தரத்தில் கை வைக்கவில்லை. இறக்கிய காபி 20 நிமிஷம் தாண்டினால் கீழே கொட்டிவிட வேண்டும். தட்டில் எந்தப் பண்டம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்த தடிமனான விதிப் புத்தகம் ஒவ்வொரு மேனேஜரிடமும் இருந்தது. அன்றைய உணவு மறுநாள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வராது. மிஞ்சியதைத் தனிக் கடைகள் வைத்து, ‘இது நேற்றையது’ என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்றார்கள். நம்மூரில் நேற்றைய இட்லிக்கு இன்றைக்கு ‘மசாலா இட்லி ஃப்ரை’ என்று பெயர் சூட்டி ஐந்து ரூபாய் கூட்டுகிறார்கள். அது வேறு வித்தை.

1929-ல் பங்குச் சந்தை விழுந்தது. 1933-ல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. நம் சாம்பியன்கள் களத்தில் இறங்கியது இப்போதுதான்.

காலிக் கப்பை எடுப்பார்கள். டீ போட வைத்திருக்கும் வெந்நீரை அதில் நிரப்புவார்கள். அதற்குக் காசில்லை. மேஜையில் கெட்சப் பாட்டில் இருக்கும். அதற்கும் காசில்லை. பாட்டிலைக் கவிழ்த்து வெந்நீரில் கலக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவினால் தக்காளி சூப்! ஐஸ் டீ குடிப்பவர்களுக்காக எலுமிச்சைத் துண்டுகள் வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் பிழிந்து, மேஜைச் சர்க்கரையைக் கொட்டினால் ஜூஸ். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, நேற்று வரை ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவர்கள்தான் இந்தச் சமையலைச் செய்தார்கள். ஒரு நிக்கலுக்கு ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்களும் உண்டு. ‘கிளம்புங்க’ என்று யாரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இரண்டு காரணம். ஒன்று, கணக்கு. ஓட்டலின் பெரிய செலவுகள் வாடகை, சம்பளம், இயந்திரங்களில் போட்ட முதல். ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும் அவை மாறாது. கெட்சப் சூப் குடிப்பவரால் கூடுகிற செலவு அரை சென்டோ என்னவோ. அவரைத் துரத்த ஆள் போட்டால் அந்த ஆளின் சம்பளம் அதைவிட அதிகம். அதோடு, இன்றைக்கு சூப் கலக்குகிறவருக்கு அடுத்த மாதம் வேலை கிடைத்தால் எந்த ஓட்டலுக்குப் போவார்? நிறைந்த கடையைப் பார்த்துத்தான் அடுத்த ஆளும் உள்ளே வருவார். காலியான ஓட்டலுக்குள் நீங்கள் நுழைவீர்களா?

இரண்டாவது காரணம் கணக்கில் வராது. என் சித்தப்பாவின் சாம்பார் கதையில் எனக்கு இப்போதும் உறுத்துவது சாம்பார் அல்ல, சர்வர் பார்த்த பார்வை. நான்காவது கரண்டிக்கு அவர் விலை கேட்கவில்லை. பார்வையால் வாங்கிக்கொண்டார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிட்டேன். ஓட்டலில் மிச்சம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஆட்டோமேட்டில் அந்த விலை இல்லை. அங்கே பார்ப்பதற்கு சர்வரே கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு நீங்கள் வங்கி மேனேஜரா, வேலை போனவரா என்று தெரியாது. நிக்கலைப் போட்டால் திறக்கும். சலவைக்கல் மேஜையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் நடுவில், கதகதப்பான ஹாலில், கௌரவமாக உட்கார்ந்து வெந்நீர் குடிக்க முடிந்தது. அந்தப் பத்து வருஷங்களில் நியூயார்க்கில் இது சின்ன விஷயமில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம். ஆனால், அந்த நிக்கல் இருக்கிறதே... ஓட்டலை வாழவைத்த அதே காசுதான் அதன் கழுத்தையும் பிடித்தது.

1912-ல் ஒரு கப் காபி ஒரு நிக்கல். முதல் உலகப் போர் வந்து போனது, ஒரு நிக்கல். மந்தம் வந்து போனது, ஒரு நிக்கல். இரண்டாம் உலகப் போரும் முடிந்தது. அப்போதும் ஒரு நிக்கல்! காபிக்கொட்டை விலை ஏறியது, சம்பளம் ஏறியது, காபி விலை மட்டும் ஏறவில்லை. ஏற்ற முடியவில்லை என்பதுதான் சரி. குழாய்க்குத் தெரிந்த ஒரே காசு நிக்கல்தான். ஆறு சென்ட், ஏழு சென்ட் என்று வைக்க வழியே இல்லை. மற்ற பண்டங்களுக்கு இரண்டு நிக்கலை மூன்றாக்கலாம். காபியை ஏற்றினால் ஒரேயடியாக இரண்டு நிக்கல்தான்.

இந்தப் பொறியில் மாட்டியவர்கள் இவர்கள் மட்டுமல்ல. கோகோ கோலா 1886-ல் 5 சென்ட். 1950-களிலும் 5 சென்ட். அவர்களுடைய இயந்திரங்களும் நிக்கல் மட்டும் விழுங்குகிறவைதான். தாங்க முடியாமல் அந்தக் கம்பெனியின் பெரிய தலை ராபர்ட் உட்ரஃப், 1953-ல் தன் நண்பரான அதிபர் ஐசனோவரிடம் ஒரு கோரிக்கை வைத்தார்: ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அச்சடித்துத் தர முடியுமா? ஒரு பாட்டில் கலர் விற்பதற்காக நாட்டின் நாணயத்தையே மாற்றச் சொன்ன துணிச்சலை என்னவென்பது! அரசாங்கம் மறுத்துவிட்டது.

ஆட்டோமேட் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1950-ல் காபியை 10 சென்ட் ஆக்கினார்கள். ஜோசப் ஹார்ன் 1941-லேயே இறந்துவிட்டார், ஹார்டார்ட் 1918-லேயே. இந்த முடிவை எடுக்கும் தலைவலி வாரிசுகள் தலையில் விழுந்தது.

வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஒரே ராத்திரியில் இரண்டு மடங்கா? இத்தனை வருஷம் ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்த காபியை இன்றைக்கு ஏன் கொடுக்க முடியாது? காபி விற்பனை சரிந்தது. காபிக்காக வந்தவர்கள் வராமல் போனால் கூடவே அவர்கள் வாங்கும் பையும் சாண்ட்விச்சும் விற்காது.

இப்போது உங்கள் கால்குலேட்டரை எடுங்கள். 1912-க்கும் 1950-க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகியிருந்தது. 1912-ன் 5 சென்ட், 1950-ல் 12 சென்ட்டுக்குச் சமம். அதாவது, பத்து சென்ட் கேட்டபோதும் அந்தக் காபி 1912-ல் இருந்ததைவிட மலிவுதான்! விலை இரட்டிப்பாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டு போனவர்கள், இத்தனை வருஷமாகத் தாங்கள் குடித்த காபியின் நிஜ விலை மொத்தத்தில் குறைந்திருந்ததைக் கவனிக்கவே இல்லை. அதை அவர்களுக்குச் சொல்ல ஆட்டோமேட்டும் முயன்றதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக நோகாமல் ஏற்றுகிற நம் ஓட்டல்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று எனக்கு இந்தக் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

விற்பனை குறைந்தால் மொத்தக் கொள்முதல் குறையும். பெரிய சமையற்கூடத்தின் செலவு அப்படியே நிற்கும். அதைச் சரிக்கட்டத் தரத்தில் கை வைத்தார்கள். தரம் போனதும் பாக்கி வாடிக்கையாளர்களும் போனார்கள். மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், பெரிய ஆபீஸ்கள் தங்களுக்குள்ளேயே கேன்டீன் வைத்துக்கொண்டன, பர்கர் கடைகள் பெருகின. நாள் முழுக்க ஒரு கப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நிறைந்த கடைக்கு அழகாக இருந்த அதே ஆட்கள், பாதி காலியான கடையில் பாரமானார்கள். 1970-களில் பல ஆட்டோமேட்கள் பர்கர் கிங் கடைகளாக மாறின. மாற்றியது வேறு யாருமல்ல, அதே கம்பெனிதான். நியூயார்க்கின் 42-வது தெருவில் இருந்த கடைசி ஆட்டோமேட் 1991 ஏப்ரலில் மூடப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவின் முதல் கடையிலிருந்த சுவரின் 35 அடித் துண்டு, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

2021-ல் ‘தி ஆட்டோமேட்’ என்று ஒரு ஆவணப்படம் வந்தது. சினிமா இயக்குநர் மெல் புரூக்ஸ், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்று பெரிய பெரிய ஆட்கள் வந்து, சின்ன வயதில் அங்கே போன கதைகளைச் சொல்கிறார்கள். அதில் இன்னொருவரும் பேசுகிறார். புரூக்ளினில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். சிறுவனாக ஆட்டோமேட்டுக்குப் போனபோது பார்த்த அந்தக் கண்ணாடிக் கதவு மாயாஜாலம்தான் பிற்காலத்தில் தன் தொழிலுக்கு உந்துதல் என்கிறார். ஒரு கப் காபி வாங்கிக்கொண்டு யாரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிற வசதியை உலகம் முழுக்கத் தன் கடைகளில் கொண்டுவந்தவர் அவர். பெயர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ். ஸ்டார்பக்ஸை வளர்த்தவர்.

அங்கே ஒரு காபி என்ன விலை என்று போன வாரம் நானும் போய்ப் பார்த்தேன். மெனுவை வலது பக்கத்திலிருந்துதான் படித்தேன். சர்க்கரை பாக்கெட் மட்டும் இலவசம். நாலு எடுத்துக்கொண்டு வந்தேன்.